டைல்ஸ் ஒட்டாத ஒரே சுவர்

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் இந்த ஐம்பது வருஷத்தில் நான் ஒட்டிய டைல்ஸ் பெயர்ந்து விழுந்தது என்று பெங்களூரில் ஒரு ஆள் என்னிடம் வந்து சொன்னதில்லை. கல்யாண மண்டபம், சர்ச் படிக்கட்டு, மசூதியில் கைகால் கழுவுகிற இடம், ஐடி கம்பெனி பாத்ரூம், எல்லாவற்றிலும் என் கை பட்டிருக்கிறது. இன்ஜினியர்கள் மெஷினை வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்த இடத்தில், ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடுகிற திசையைப் பார்த்து, இந்த மூலை ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், ஏற்றம் என்று சொல்லியிருக்கிறேன். மெஷினும் கடைசியில் அதையேதான் சொல்லும்.

பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு. பன்னிரண்டு வயதில் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து மணல் சலித்தவன், காக்ஸ் டவுன் ஓரத்தில் மூன்று மாடி கட்டி முகப்புக்குக் கறுப்பு கிரானைட் போட்டான் என்றால் அது யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஆனால் என் ஆயுசில் நான் ரொம்ப நேர்த்தியாகச் செய்து முடித்த ஒரு வேலையை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதை எழுதிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் பன்னிரண்டு சுவர்கள். மெயின் ரோட்டிலிருந்து திரும்பினால் முதல் சுவர் என்னுடையது. அங்கிருந்து தெரு சரிவாக இறங்கி, ரயில் பாதைப் பக்கம் வளைகிற இடத்தில் முடியும். வளைவுக்குப் பின்னால் சின்னச் சின்ன வாடகை அறைகள், நூற்றுக்கும் மேல் இருக்கும். அங்கே இருக்கிறவர்கள் காலையில் எங்கள் தெரு வழியாக ஏறித்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். போகிற போக்கில் கையில் இருக்கிற குப்பைப் பையை எங்கேயாவது வைத்துவிட்டுப் போவார்கள். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பெருக்க வருகிற அம்மா பொறுக்கி எடுத்துக்கொண்டு போவாள். அப்படியே பல வருஷம் ஓடியது.

நான் கிரானைட் போட்ட பிறகுதான் அது என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. மின்னுகிற கல்லுக்குக் கீழே மீன் முள்ளும் சோற்றுப் பருக்கையும் கிடந்தால் எவனுக்குத்தான் பொறுக்கும்? தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் போர்டு வைத்தேன். கேமரா வைத்தேன். வாசலில் நின்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு போவார்கள், மறுநாள் பை அங்கேயே இருக்கும்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. குடோனில் சாமி டைல்ஸ் கொஞ்சம் மிஞ்சிக் கிடந்தது. திருப்பதிப் பெருமாள், வேளாங்கண்ணி மாதா, மெக்கா. மூன்றையும் வரிசையாக, முழங்கால் உயரத்தில், சுற்றிலும் வெள்ளை பார்டர் வைத்து என் கையாலேயே ஒட்டினேன். மறுநாள் காலையில் என் சுவரோரம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எந்த மதத்துக்காரனாக இருந்தாலும் மூன்றில் ஒன்றுக்குப் பயப்பட்டுத்தானே ஆக வேண்டும்?

குப்பை அடுத்த சுவருக்கு இறங்கியது. அந்த வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா வந்து, "எங்களுக்கும் செஞ்சு குடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்" என்றார்கள். செய்தேன். அதற்கடுத்த சுவருக்குப் போனது. அங்கேயும் செய்தேன். நாலு, ஐந்து, ஆறு. யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. தெருவில் என்னை 'டைல்ஸ் சார்' என்றார்கள். மூன்றாம் வகுப்புக்காரனை டீச்சரம்மாவே சார் என்று கூப்பிட்டார்கள். பதினொன்றாவது சுவர் முடிந்த அன்று தெருவின் மேல்முனையில் நின்று கீழே பார்த்தேன். நேர்க்கோட்டில் முப்பத்து மூன்று டைல்ஸ். ஒன்று கூட நூல் பிசகவில்லை.

பன்னிரண்டாவது சுவர் என் சிநேகிதன் வீடு.

அவனும் நானும் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் ஒரே வரிசையில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் ஓடி வந்துவிட்டேன், அவன் சுரங்கத்தில் இறங்கினான். சுரங்கத்தை மூடின பிறகு, அங்கிருந்து தினமும் ரயிலில் வந்து பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். உட்கார இடமில்லாமல் நின்றே வந்து நின்றே போகிறான் என்று கேட்டதும், என் தெருவிலேயே லீசுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தேன். அவன் மனைவி அதற்கப்புறம் பதினைந்து வருஷம் கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தாள். துணித் தூசி நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு விசில் அடிக்கும். அதனால்தான் வேலையை விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி, நான் அவளுக்கு அண்ணன். கூடப் பிறந்த தங்கை எனக்குக் கிடையாது.

சாந்துச் சட்டியோடு போய் நின்றேன். "மச்சான், அரை மணி நேரம். உன் சுவத்தையும் முடிச்சிடறேன்."

"எங்க வீட்ல சாமி படம் இல்லன்னு உனக்குத் தெரியாதா?" என்றான். அவர்கள் இரண்டு தலைமுறையாகப் பௌத்தர்கள்.

"தெரியாமலா? அதான் சிக்பேட்டையில சொல்லி வச்சு உனக்குன்னு புத்தர வாங்கியாந்திருக்கேன். பாரு, எம்மாம் அழகா சிரிக்கறாரு."

டைல்ஸை வாங்கினான். லுங்கி முனையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"குப்பைக்கு இவர வாட்ச்மேனா நிக்க வைக்க மாட்டேன் மச்சான். அந்த வேலைக்கு நான் ஒருத்தன் போதும்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "கீழ இருந்தப்ப நான் காத்துக் கேங்குல வேலை செஞ்சவன். பூமிக்குள்ள காத்து போறதுக்குக் கதவு கதவா வச்சிருப்பாங்க. ஒரு கதவ மூடினா காத்து நின்னுடாது, வேற பக்கம் போவும். எங்க போவும்னு பாக்காம ஒருத்தன் மூடினான்னா, எங்கயோ ஒருத்தன் மூச்சுக்குத் தவிப்பான். நீ பதினோரு கதவ மூடிட்டு வந்து நிக்கற."

எனக்குச் சுருக்கென்றது. தெருவே கும்பிடுகிற வேலையை இவன் குறை சொல்கிறான். "ஓசியில செஞ்சு குடுக்கறவன்கிட்ட இவ்ளோ ரோஷமா? அப்ப நாறிக்கிட்டே கெட" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு முழுத் தெருவின் குப்பையும் அவன் வாசலுக்குப் போனது. பெருக்குகிற அம்மா ஒருத்தியால் அள்ள முடிகிற அளவு இல்லை. நாய்கள் வந்தன, மாடுகள் வந்தன. மழைக்காலத்தில் குவியல் ஊறி, அவர்கள் வாசல்படி வரைக்கும் கறுப்புத் தண்ணீர் நின்றது. ஒருநாள் பதினொன்றாவது வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு, "சார், மலை மாதிரி ஆயிடுச்சு, என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். "கொளுத்திவிடுங்க, சாம்பலாப் போயிடும்" என்றேன். அந்த ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை. யார் பற்ற வைத்தார்கள் என்றும் தெரியாது. காலையில் எட்டு மணிக்கெல்லாம் அங்கே புகை எழும்பும்.

அந்தப் புகை முதலில் நுழைகிற ஜன்னல் அவளுடையது. ஜன்னலை மூடிவிட்டுக் கதவடியில் ஈரத் துணியைச் சுருட்டி வைப்பாளாம். லீசு முடிய ஒன்றரை வருஷம் இருந்தது, அதுவரை கட்டின முன்பணம் திரும்பி வராது, வேறு வீடு போகவும் வழியில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெருவில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதலில் அவன் வந்து என்னிடம் பேசட்டும் என்று இருந்தேன்.

அவன் வரவில்லை. அவள் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேல் மாடி வரை ஏற முடியாமல் முதல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கி வந்தேன். மூச்சு அடங்குகிறவரை என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ரெண்டு வாரமா ஜன்னல் சந்து வழியா உக்காந்து பாத்தேன். வேற வேலை என்ன இருக்கு எனக்கு? குப்பை போடறவங்க யாரும் ரௌடிங்க இல்ல. கார்மெண்ட்ஸ் பொண்ணுங்க, செக்யூரிட்டிங்க, ஓட்டல்ல வேலை செய்யறவங்க. எல்லாரும் ஏழு மணிக்குள்ள கெளம்பிடறாங்க. கார்ப்பரேஷன் குப்பை வண்டி நம்ம தெருவுக்கு வர்றது பத்து மணிக்கு, அதுவும் கையில குடுத்தாத்தான் வாங்கறாங்க, கீழ கெடக்கறதத் தொட மாட்டாங்க. பூட்டின ரூமுக்குள்ள எத்தன நாளுக்கு வச்சிருப்பாங்க?"

"தங்கச்சி, நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றேன்.

அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமானது. "ஒவ்வொரு பையும் முடிச்சு போட்டிருக்குண்ணே. நான் பாத்தேன். அசிங்கம் பண்ணணும்னு நெனைக்கறவன் முடிச்சு போட மாட்டான். யாராவது எடுத்துக்கணும்னுதான் கட்டி வச்சிட்டுப் போறாங்க. அந்த வண்டி மெயின் ரோட்டுல ஆரம்பிச்சு கடைசியாத்தான் இங்க வருது. மெயின் ரோட்டுல இருக்கறது பூரா கடைங்க, பத்து மணிக்குத்தான் ஷட்டரே தூக்கறாங்க. வண்டி இங்க ஆரம்பிச்சு அங்க முடிச்சா ஆச்சு. நீங்க அந்த வண்டிக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நான் ரெண்டு தடவ போனேன். 'ஒளகே ஹோகம்மா'ன்னுட்டாரு, உள்ள போம்மான்னு. நீங்க சொன்னா வண்டிய நிறுத்திக் கேப்பாரு."

"குப்பை போடறவன் புத்தி வண்டி நேரம் மாறினா மாறிடுமா? என்னோட பதினோரு சுவத்தப் பாரு. ஒரே நாள்ல சரியாச்சா இல்லையா?"

"உங்க சுவருங்க சரியாச்சுண்ணே" என்றாள். "நீங்க சுவர் சுவரா பாக்கறீங்க. தெருவ ஒரே வீடா பாருங்க. அடுக்களையக் கூட்டிக் கூடத்துல தள்ளினா வீடு சுத்தமாயிடுமா?"

நான் அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் வீட்டுக்காரன வந்து என்கிட்ட ஒரு வார்த்த கேக்கச் சொல்லு. டைல்ஸ் ஒட்ட விடச் சொல்லு. அப்புறம் வண்டிக்காரன்கிட்ட நான் பேசறேன்."

"அது அவர் முடிவு மட்டும்னு நெனைக்காதீங்கண்ணே. என் முடிவும் அதான்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். காபி சாப்பிட்டுவிட்டுப் போ என்றதற்கு, இன்னொரு நாள் என்றாள்.

மாடிக்குப் போய் நின்று பார்த்தேன். தெரு இறக்கம்தான், இருந்தும் அவளால் ஒரேயடியாக நடக்க முடியவில்லை. ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நாலெட்டு வைப்பாள், அடுத்த சுவரைப் பிடிப்பாள். பதினோரு சுவரில் எத்தனையைப் பிடித்தாள் என்று எண்ணியிருந்தால் அவள் நிலைமை எனக்கே தெரிந்திருக்கும். நான் உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பங்குனி வெயில் ஆரம்பித்த நேரம், ஒயிட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் மார்பிள் இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள். எனக்குச் சொல்ல வேண்டாம், அண்ணன் கோபமாக இருக்கிறார் என்று அவளே சொன்னாளாம். விடிந்த கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். டாக்டர் பல காரணம் சொன்னார். பழைய துணித் தூசி, இதயம் வீக்கம், வயசு. புகை என்று அவர் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை.

உடம்பை வீட்டு வாசலில் கிடத்த வேண்டும், வருகிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். வாசலில் குப்பை இருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினேன். வேறு இரண்டு பேர் கை கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்றேன். மேலே கரி, அடியில் எரியாத பைகள். ஒன்று விடாமல் முடிச்சு. சிலதில் இரண்டு முடிச்சு. ஒரு பையில் உடைந்த கண்ணாடியைத் தனியாகப் பேப்பரில் சுற்றி, கை கிழிக்காமல் இருக்க மேலே டேப் ஒட்டியிருந்தது. முகம் தெரியாத, குப்பை எடுக்க வருகிற ஒருத்திக்காக யாரோ காலை அவசரத்தில் அதைச் செய்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

முன்னெல்லாம் அந்தப் பைகள் தெரு முழுக்க ஒன்றும் இரண்டுமாக இருந்தன. என் முப்பத்து மூன்று டைல்ஸ் அதில் ஒரு பையைக் கூடக் குறைக்கவில்லை. எல்லாவற்றையும் திரட்டிக் கொண்டுபோய், மூச்சு விட முடியாத ஒருத்தியின் ஜன்னலுக்குக் கீழே குவித்தது. கொளுத்தச் சொன்னதும் நான்தான். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அது தெரியாமல் போனது.

பௌத்தர்களின் பஞ்சசீலம் சொல்லி, அமைதியாக எடுத்துக்கொண்டு போனார்கள். என் சிநேகிதன் என்னைத் திட்டவில்லை. சட்டையைப் பிடித்து நாலு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பத்தாம் நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒக்கலிபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் போன மறுநாள் காலை மெயின் ரோட்டில் நின்று குப்பை வண்டியை நிறுத்தினேன். டிரைவர் மண்டியாப் பக்கத்து ஆள். கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வளைவிலிருந்து ஆரம்பித்து இந்தக் கடைத் தெருவில் முடிக்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஒரு நிமிஷம் மனசுக்குள் ரோடு போட்டுப் பார்த்தார். "ஆகுத்தே" என்றார். ஆகும். கடைக்காரர்கள் திறப்பதற்குள் வந்து ஷட்டர் முன்னால் நின்று ஹாரன் அடித்து, கத்திக் கத்தித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போகிறது, அப்படி மாற்றினால் தனக்கும் நல்லதுதான் என்றார். குப்பை அள்ளும் ஆட்களை மேய்க்கிற மேஸ்திரியிடம் அவரே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். வண்டியைக் கிளப்பும்போது, "யாரூ கேளே இல்வல்லா யஜமான்ரே" என்றார். யாருமே கேட்கவில்லையே என்று.

ஒரு அம்மா இரண்டு தடவை வந்து கேட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகம் இருந்திருக்காது.

அடுத்த வாரத்திலிருந்து வண்டி ஆறே முக்காலுக்கு வளைவில் வந்து பாட்டுப் போட்டது. கார்மெண்ட்ஸ் பெண்கள் டிபன் பாக்ஸை ஒரு கையிலும் பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்து போட்டுவிட்டு அப்படியே பஸ்ஸுக்கு ஏறினார்கள். யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து நாளில் அந்த வாசலில் ஒன்றும் இல்லை. டைல்ஸ் ஒட்டாத சுவர் அது, சுண்ணாம்பு உதிர்ந்த வெறும் சுவர்.

தெருச் சங்கத்தில் கூட்டம் போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள், தலையில் மைசூர்ப் பேட்டா தலைப்பாகை வைத்தார்கள். படித்த பையன் ஒருவன், நான் செய்ததற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது, காலேஜில் இதை ஒரு பாடமாகவே வைத்திருக்கிறார்கள் என்று பேசினான். மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். இது என் யோசனை இல்லை என்று சொல்லத்தான் எழுந்தேன். முன்னால் டீச்சரம்மா கை தட்டிக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் நமக்கு ஒரு விஷயமா?" என்று வாயில் வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். ஐம்பது வருஷமாகப் பெருமை பேசிப் பழகிய வாய், அன்றைக்கு மட்டும் எப்படி நான் சொன்னதைக் கேட்கும்?

அடுத்த நாளே ஒக்கலிபுரம் போனேன். மகள் கதவைத் திறந்தாள், உள்ளே வாங்க மாமா என்றாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான். எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குப்பை வண்டியின் பாதை மாறின விஷயத்தைச் சொன்னேன். அவள் சொன்னபடியே செய்தேன், அவள் சொன்னபடியே ஆயிற்று என்றேன். வாசல் சுத்தமாக இருக்கிறது என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "வண்டிக்காரர்கிட்ட யாரு பேசினா?" என்று கேட்டான்.

"நான்தான்."

"சண்டை போட்டியா?"

"இல்ல மச்சான். சும்மா கேட்டேன். ஒத்துக்கிட்டாரு."

"எவ்ளோ நேரம் பேசின?"

பொய் சொல்லலாமா என்று பார்த்தேன். ஒரு வாரம் அலைந்தேன், ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன் என்று சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும். எனக்கும்தான்.

"பத்து நிமிஷம்" என்றேன்.

அவன் கட்டிலில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் எழுந்து, சத்தம் வராமல் ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.